கோடு இல்லை, கோளாறு உண்டு: செக் லைட் எரியாத இன்ஜின் பழுதுக்கு எந்த வழியில் போவது?

ஸ்கேனர் போட்டுப் பார்த்தாகிவிட்டது, கோடு (வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் பழுதுக் குறியீடு) ஒன்றும் காட்டவில்லை. டாஷ்போர்டில் செக் லைட்டும் எரியவில்லை. ஆனால் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலை டிராஃபிக்கில் நின்றால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. குலசேகரம் தாண்டி ஏற்றத்தில் மிதித்தால் வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது. இல்லையென்றால் நல்ல வெயிலில் அரை மணி நேரம் ஓடிய பிறகு சொல்லாமல் கொள்ளாமல் ஆஃப் ஆகிறது.

இந்த நிலையில் கார் வைத்திருப்பவர் முன்னால் சில வழிகள் இருக்கின்றன. கோடு விழும்வரை ஓட்டலாம். சந்தேகப்படும் ஸ்பேரை மாற்றிப் பார்க்கலாம். வண்டியில் செருகும் ஒரு புளூடூத் டாங்கிள் வாங்கி, இன்ஜின் ஓடும்போதே வரும் அளவுகளை (லைவ் டேட்டா) போனில் பார்க்கலாம். கேஜ் வைத்துச் சோதிக்கும் அனுபவசாலி மெக்கானிக்கிடம் போகலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடலாம். மின் அலையைப் படமாகக் காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் ஆட்டோ எலக்ட்ரிஷியனைத் தேடலாம். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழுதுக்குச் சரியான வழி. வேறொரு பழுதுக்கு அதே வழி பணத்தையும் நாளையும் தின்றுவிடும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோடு இல்லாத வண்டிக்குச் செலவழிக்கும் முதல் பணம் சோதனைக்குப் போக வேண்டும், ஸ்பேருக்குப் போகக் கூடாது. எந்தச் சோதனை என்பதை, வண்டி எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும்.

கம்ப்யூட்டர் ஏன் பேசவில்லை

இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி (வண்டி தன்னையே கண்காணிக்கும் அமைப்பு) 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது கண்காணிப்பு இன்னும் இறுகியது. இந்த அமைப்பின் முதல் வேலை புகையைக் காவல் காப்பது. ஓட்டுபவருக்குச் சுகமாக இருக்கிறதா என்று அது பார்ப்பதில்லை. புகை வரம்பு மீறும் அளவுக்குப் பழுது பெருக்க வேண்டும், அல்லது ஒரு சென்சாரின் வயர் அறுந்து வோல்டேஜ் இருக்கவே முடியாத இடத்துக்குப் போக வேண்டும். பெரும்பாலும் அப்போதுதான் கோடு பதிவாகும்.

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் தவறும் மிஸ்ஃபயரை எடுத்துக்கொள்வோம். இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் சுற்றும் வேகத்தில் எந்தச் சிலிண்டரின் முறை வரும்போது தயக்கம் தெரிகிறது என்பதை இன்ஜின் கம்ப்யூட்டரான ஈசியூ எண்ணிக்கொண்டே இருக்கும். 200 சுற்றுக்கு ஒரு கணக்கு, 1000 சுற்றுக்கு ஒரு கணக்கு என்று பார்த்து, எண்ணிக்கை வரம்பைத் தாண்டினால்தான் கோடு. நிமிடத்துக்கு நாலைந்து தடவை மட்டும் மிஸ் அடிக்கும் வண்டி உங்கள் இடுப்புக்குத் தெரியும், கோடாக மாறாது. இன்னொன்றும் உண்டு. பள்ளத்தில் சக்கரம் விழும் குலுக்கல் கிராங்க் வரைக்கும் போகும். அதைத் தவறாக மிஸ்ஃபயர் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக, பல வண்டிகளில் மோசமான ரோடு என்று உணர்ந்ததும் அந்தக் கணக்கையே நிறுத்திவைப்பார்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று வருடத்துக்கு இரண்டு பருவம் பெய்கிற மாவட்டம் இது. அதற்குப் பிறகு நம் உள்ரோடுகளின் நிலை எல்லோருக்கும் தெரியும்.

பெரும்பாலான பழுதுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு, மூன்று ஓட்டங்களில் அதே தவறு தெரிந்தால்தான் லைட் எரியும். முதல் தடவை தெரிந்தது 'பெண்டிங்' என்ற தனிப் பட்டியலில் இருக்கும். அவசரமாக ஸ்கேன் போடுகிறவர் அந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. "ஒண்ணும் இல்ல அண்ணே" என்று மெக்கானிக் சொன்னால், பெண்டிங் பார்த்தாரா என்று கேளுங்கள். ரெடினஸ் என்ற பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். முந்தைய நாள் யாராவது பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருந்தாலோ கோடுகளை அழித்திருந்தாலோ, அங்கே பல வரிகள் 'நாட் ரெடி' என்று நிற்கும். அந்த வண்டியில் கோடு இல்லை என்பதற்குப் பொருளே கிடையாது, ஈசியூ இன்னும் தன் சோதனையை முடிக்கவில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம், சென்சாரே இல்லாத இடங்கள். சாதாரண பெட்ரோல் காரில் ஃபியூயல் பிரஷரை அளக்க சென்சார் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் கம்ப்ரஷனுக்குக் கிடையாது. பிளக்கின் இடைவெளிக்குக் கிடையாது. சைலன்சர் பாதையில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் உள்ளே உருகி அடைத்துக்கொண்டதா என்று நேராகப் பார்க்க ஒன்றும் இல்லை. எர்த் வயரில் களிம்பு ஏறியதைச் சொல்ல ஆள் இல்லை. கோடு இல்லாத வண்டிகளில் பழுது பெரும்பாலும் இந்த இடங்களில்தான் உட்கார்ந்திருக்கும்.

கோடு விழும்வரை ஓட்டுவது

செலவில்லாத வழி இதுதான், சில வண்டிகளுக்கு நியாயமான வழியும்கூட. ஐடிலில் லேசான நடுக்கம் மட்டும் இருக்கிறது, பிக்கப் குறையவில்லை, ஆஃப் ஆகவில்லை, மைலேஜ் விழவில்லை என்றால் ஒரு வாரம் ஓட்டிப் பெண்டிங் கோடு விழுகிறதா என்று பார்ப்பதில் தவறில்லை.

ஓட்டத்தில் ஆஃப் ஆகும் வண்டிக்கு இந்த வழியே கிடையாது. இன்ஜின் நின்றால் பவர் பிரேக்கின் உதவி ஒன்றிரண்டு மிதிக்கு மேல் இருக்காது, இன்ஜின் பெல்ட்டில் ஓடும் பவர் ஸ்டீயரிங் கல்லாக இறுகிவிடும். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் முன்னும் பின்னும் பஸ் வரும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். அதுபோல மிஸ் தெளிவாக அடிக்கும் வண்டியையும் ஓட்டக் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய் கேட்டலிடிக் கன்வர்ட்டரில் எரிகிறது. அதன் உட்பகுதி உருகினால், பிளக்குக்கு மின்பொறி தரும் ஒரு காயிலின் விலையில் முடிய வேண்டிய வேலை பல மடங்காகும்.

மாற்றிப் பார்ப்பது

"பிளக்க மாத்துவோம், சரியாகலைன்னா காயில், அப்புறம் பம்பு." இப்படித்தான் பல வண்டிகளுக்கு வைத்தியம் நடக்கிறது. மாற்றும் மெக்கானிக்கை முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சோதனைக்குக் கூலி கேட்டால் வாடிக்கையாளர் முகம் மாறுகிறது, ஸ்பேரோடு சேர்த்துக் கூலி கேட்டால் கொடுக்கிறார். அந்தப் பழக்கம் மெக்கானிக்கை ஸ்பேர் கடைக்கு அனுப்பிவைக்கிறது.

மாற்றிப் பார்ப்பதில் ஒரு நல்ல வகை உண்டு, அதற்குப் பணமே வேண்டாம். வண்டிக்குள்ளேயே இடம் மாற்றுவது. இரண்டாம் சிலிண்டரில் மிஸ் என்று தெரிந்தால் அதன் காயிலை மூன்றாவதற்கும் மூன்றாவதை இரண்டாவதற்கும் போட்டு ஓட்டுங்கள். மிஸ் கூடவே மூன்றுக்குப் போனால் காயில்தான். போகாவிட்டால் பிளக்கை அதேபோல மாற்றுங்கள். அதற்கும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர் அல்லது கம்ப்ரஷன். ஃபியூயல் பம்ப் ரிலேயைச் சந்தேகப்பட்டால், ஃபியூஸ் பாக்ஸில் அதே எண் கொண்ட ஹாரன் ரிலேயைப் போட்டுப் பார்க்கலாம். புது ஸ்பேர் வாங்கும் முன் இது முடிந்திருக்க வேண்டும்.

பிளக்கை மட்டும் வயது பார்த்து மாற்றுவதை ஏற்கிறேன். மாற்ற வேண்டிய கிலோமீட்டர் தாண்டியிருந்தால் அது பராமரிப்பு. ஃபியூயல் பம்ப், ஈசியூ, இன்ஜெக்டர் செட், ஆக்சிஜன் சென்சார் ஆகியவற்றை ஒரு அளவும் எடுக்காமல் மாற்றச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

சொந்த டாங்கிளும் லைவ் டேட்டாவும்

ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே ஈஎல்எம் 327 வகை டாங்கிள் கிடைக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, போனில் ஆப் போட்டால் ஈசியூ பார்க்கும் அளவுகளை நாமும் பார்க்கலாம். கோடு இல்லாத பழுதுக்கு, காசுக்குப் பலன் என்று பார்த்தால் இதற்கு ஈடில்லை. ஆனால் கோடு பார்க்கும் கருவியாக இதை வாங்கினால் வீண். அளவு பார்க்கும் கருவியாக வாங்க வேண்டும்.

காலையில், இன்ஜின் இரவு முழுக்க ஆறிய பிறகு, ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மூன்று அளவைப் பாருங்கள். கூலன்ட் வெப்பமும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், நாலைந்து டிகிரி வித்தியாசம் போகட்டும். நாகர்கோவில் விடியலில் காற்று 25 டிகிரி காட்டும்போது கூலன்ட் 5 டிகிரி என்றோ 60 டிகிரி என்றோ காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. அது அனுமதித்த எல்லைக்குள் இருக்கும் பொய் என்பதால் கோடு விழாமல் போகலாம். குளிர் என்று நம்பி ஈசியூ பெட்ரோலை அள்ளி ஊற்றும், அல்லது சூடு என்று நம்பிக் காலையில் பட்டினி போடும். மூன்றாவது அளவு, காற்று உள்ளே போகும் பாதையின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார். கடல் மட்டத்தை ஒட்டிய நம் ஊர்களில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி நிற்க வேண்டும். ஸ்டார்ட் செய்து சூடான பிறகு, ஏசி இல்லாமல் ஐடிலில் 30 முதல் 40-க்குள் வர வேண்டும். 50-ஐத் தொட்டால் காற்றுக் கசிவு, வால்வு டைமிங் விலகல், கம்ப்ரஷன் குறைவு இவற்றில் ஒன்று இருக்கிறது.

அடுத்தது ஃபியூயல் ட்ரிம். ஈசியூ தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதே இது. ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூடவோ குறையவோ 10-க்குள் இருந்தால் சாதாரணம். கலவை மெலிந்தது என்று கோடு விழ, வண்டியைப் பொறுத்து, 25 சதவீதத்துக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கும். ஆக 18 சதவீதத்தில் நிற்கும் வண்டி கோடு இல்லாமலேயே திணறும். இந்த ஒரு எண் தெரியாமல் பல வண்டிகள் ஒர்க் ஷாப் ஒர்க் ஷாப்பாக அலைகின்றன.

எண்ணை மூன்று நிலையில் எடுக்க வேண்டும்: ஐடிலில், நின்றபடி 2500 சுற்றில், பிறகு ஏற்றத்தில். ஐடிலில் உயர்ந்து 2500-ல் இறங்கினால் காற்றுக் கசிவு. ஐடிலில் சரியாக இருந்து ஏற்றத்தில் உயர்ந்தால் பம்போ ஃபில்டரோ தேவையான பெட்ரோலைத் தரவில்லை. ஒரு எச்சரிக்கை. நம் ரோட்டில் ஓடும் பல சின்ன பெட்ரோல் கார்களில் காற்றின் அளவை நேராக அளக்கும் மாஃப் சென்சார் கிடையாது, மேப் சென்சாரை வைத்தே கணக்குப் போடுவார்கள். அந்த வண்டிகளில் காற்றுக் கசிந்தால் மேப் அளவும் சேர்ந்து உயரும், ஈசியூவும் அதற்கேற்பப் பெட்ரோல் கூட்டிவிடும். ட்ரிம் அதிகம் அசையாது, ஐடில் வேகம் மட்டும் ஏறி நிற்கும். ட்ரிம் நன்றாக இருக்கிறது, அதனால் கசிவு இல்லை என்று அங்கே முடிவு செய்யக் கூடாது.

பெட்ரோல் பங்கில் இப்போது வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலையும் கணக்கில் எடுங்கள். சுத்த பெட்ரோல் எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், இந்தக் கலவைக்கு 13.5-ஐ ஒட்டிப் போதும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். பழைய கணக்கில் டியூன் செய்த காரில் பழுதே இல்லாமல் ட்ரிம் ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை கூடி நிற்கலாம். சிறிய கசிவு ஒன்று சேர்ந்தால் முன்பு தெரியாத திணறல் இப்போது தெரியும். வண்டி கெட்டுவிட்டது என்று பதறுவதற்கு முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

ஏற்றச் சோதனைக்கு நம் மாவட்டத்தில் இடம் தேட வேண்டியதில்லை. குலசேகரத்தில் இருந்து பேச்சிப்பாறை போகும் ரோடு போதும். ஆடி மாதத்தில் காவல்கிணறில் இருந்து ஆரல்வாய்மொழி நோக்கி எதிர்க்காற்றில் வந்தாலும் இன்ஜினுக்கு நல்ல சுமை கிடைக்கும். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் போனைப் பார்க்க வேண்டும், ஒருவரே இரண்டும் செய்யக் கூடாது. முழு மிதியில் ஈசியூ ட்ரிம்மைப் பார்ப்பதை விட்டுவிடும் என்பதால், அப்போது முன் ஆக்சிஜன் சென்சாரின் வோல்டேஜைக் கவனியுங்கள். பழைய வகை சென்சார் உள்ள வண்டியில் அது 0.8-க்கு மேல் நிலைத்து நிற்க வேண்டும். மிதித்த இடத்தில் 0.2-க்குக் கீழே விழுந்தால் எரிபொருள் பற்றவில்லை. பம்ப் மாற்றுவதற்கு முன் கையில் இருக்க வேண்டிய ஆதாரம் இது.

டாங்கிளின் குறை வேகம். ஒரு நொடிக்குச் சில அளவுகளே வரும், அதையும் இருபது வரிக்குப் பங்கு போட்டால் ஒன்றும் தெரியாது. நாலைந்து வரியை மட்டும் திறந்து பதிவு செய்யுங்கள். கண் சிமிட்டும் நேரத்தில் விட்டுப்போய்த் திரும்பும் சிக்னலை இது பிடிக்காது. 2010-க்கு முந்தைய பல வண்டிகளில் இது பேசவே பேசாது.

கேஜ் பிடிக்கும் கை

கம்ப்ரஷன் கேஜ், ஃபியூயல் பிரஷர் கேஜ், வேக்கம் கேஜ், மல்டிமீட்டர். இந்த நான்கையும் எடுத்துப் பயன்படுத்தும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால், ஸ்கேனர் மட்டும் வைத்திருப்பவரைத் தாண்டி அவரிடம் போங்கள். சென்சார் இல்லாத இடங்களை நேராக அளக்கும் வழி இவைதான்.

பெட்ரோல் காரில் ஃபியூயல் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார். ஐடிலில் சரியாகக் காட்டி, சுமையில் சரிந்தால் பம்ப், டேங்கில் இருக்கும் ஃபில்டர், அல்லது பம்புக்குப் போகும் வயர். அந்த மூன்றாவதை மறக்க வேண்டாம். பம்ப் சாக்கெட்டில் ஓடும்போது வோல்டேஜ் அளந்தால், பேட்டரி 14 காட்டும்போது அங்கே 11 என்று வருவது உண்டு. புது பம்ப் போட்டாலும் அந்த வண்டி அதேபோலத்தான் ஓடும்.

நம் கடற்கரை ஊர்களில் இது இன்னும் பொருந்தும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் நிற்கும் வண்டிகளின் எர்த் பட்டையையும் கனெக்டரையும் உப்புக்காற்று மெல்ல அரிக்கிறது. வெளியே பார்த்தால் வயர் நன்றாக இருக்கும், உறைக்குள்ளே பச்சைக் களிம்பாக இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் மல்டிமீட்டரை வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். 0.3 வோல்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. சென்சார்கள் அனைத்தும் அந்த எர்த்தை நம்பித்தான் பேசுகின்றன. எர்த் ஆடினால் எல்லா அளவும் கொஞ்சம் கொஞ்சம் தவறும், எந்த ஒன்றும் கோடு விழும் அளவுக்குத் தவறாது. கடலோரம் இருக்கும் வண்டிக்கு நான் முதலில் சொல்லும் சோதனை இதுதான். ஐந்து நிமிடம்கூட ஆகாது.

இன்ஜின் காற்றை உறிஞ்சும் பலத்தைக் காட்டும் வேக்கம் கேஜ் ஐடிலில் 17 முதல் 21 பாதரச அங்குலத்தில் முள் ஆடாமல் நிற்க வேண்டும். சீராகத் துள்ளினால் ஒரு வால்வு. நிலையாகத் தாழ்ந்து நின்றால் டைமிங் அல்லது கசிவு. 2500 சுற்றில் பிடித்து வைக்கும்போது மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் சைலன்சர் பாதை அடைப்பு. கம்ப்ரஷனில் எண்ணைவிட சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம், 15 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால், ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. எல்பிஜி, சிஎன்ஜியில் அதிகம் ஓடிய வண்டி சூடானதும் ஐடிலில் நடுங்கினால் வால்வு கிளியரன்ஸை அளக்கச் சொல்லுங்கள்.

பழைய கைகளிடம் இரண்டு பழக்கத்தை மட்டும் தடுக்க வேண்டும். ஓடும் இன்ஜினில் காயிலையோ பிளக் வயரையோ பிடுங்கி மிஸ் கண்டுபிடிப்பது ஒன்று. இன்றைய காயிலுக்கு அது கெடுதல், கைக்கும் ஆபத்து, இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றினால் அதே விடை கிடைக்கும். இன்னொன்று, காமன் ரெயில் டீசலில் ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்துவது. ஐடிலிலேயே 250 பாருக்கு மேல், மிதித்தால் 1000 பாரையும் தாண்டும் அழுத்தம். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய டீசல் ஜீப்பில் செய்ததை இதில் செய்யவே கூடாது.

கம்பெனி சர்வீஸும் ஆசிலோஸ்கோப்பும்

வாரன்டியில் உள்ள வண்டிக்குக் கம்பெனி சர்வீஸ்தான், யோசிக்கவே வேண்டாம். வெளியே கனெக்டரைக் கழற்றி, வயரை வெட்டிய பிறகு உரிமை கேட்பது கடினம். வாரன்டி முடிந்த வண்டிக்கும் அங்கே ஒரு பலம் உண்டு. கோடு இல்லாத சில திணறல்களுக்குக் காரணம் ஈசியூவின் மென்பொருளே, அதற்கான அப்டேட் அவர்களிடம் மட்டும் இருக்கும். எலக்ட்ரானிக் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு ஐடிலை மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலையையும் அவர்களின் கருவி சரியாகச் செய்யும். பலவீனம், நீங்கள் பேசுவது அட்வைசரிடம், வண்டியைத் தொடுவது வேறொருவர். இடையில் உங்கள் பேச்சு 'ஜெனரல் செக்கப்' என்று ஜாப் கார்டில் சுருங்கிவிடும்.

ஆசிலோஸ்கோப் கண் சிமிட்டும் நேரத்தைவிடச் சிறிய துண்டையும் படம் வரைந்து காட்டும். கிராங்க் சென்சாரின் அலையில் ஒரு பல் விடுபடுவது, காயிலுக்குப் போகும் கரண்ட் தளர்வது, ஸ்டார்ட்டர் சுற்றும்போது எந்தச் சிலிண்டரில் தடை குறைகிறது என்பது எல்லாம் பிளக்கைக்கூடக் கழற்றாமல் தெரியும். எப்போதாவது வந்து போகும் மின்சாரப் பழுதுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் இதைக் கையாளத் தெரிந்தவர்கள் குறைவு. நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் 70 கிலோமீட்டர் தள்ளித் திருவனந்தபுரமோ, 80-ஐ ஒட்டிய தூரத்தில் திருநெல்வேலியோ போக வேண்டியிருக்கும். ஓட்டத்தில் ஆஃப் ஆகும் வண்டியாக இருந்தால் அவ்வளவு தூரம் ஓட்டிப் போகாதீர்கள். மற்ற எளிய சோதனைகள் எல்லாம் முடிந்து விடை கிடைக்காத பிறகே அந்தச் செலவுக்குப் போக வேண்டும், அப்போது ரெக்கவரி வண்டியில் ஏற்றியே அனுப்பலாம்.

எந்த நேரத்தில் மக்கர் செய்கிறது?

சூடானதும் ஆஃப் ஆகி, இருபது நிமிடம் ஆறினால் ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். ஆஃப் ஆன உடனே டாங்கிளை வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டினால் சென்சாரோ அதன் வயரோதான். 200, 300 என்று காட்டினால் கிராங்க் சென்சாரை விட்டுவிட்டு ஃபியூயல் பம்ப் ரிலே பக்கம் போங்கள். இந்தச் சோதனை அந்த ரோட்டோரத்தில் மட்டுமே முடியும். ஒர்க் ஷாப்புக்கு இழுத்துப் போகும்போது இன்ஜின் ஆறிவிடும், பழுதும் மறைந்துவிடும். இவ்வகைப் பழுதுக்கு எந்த ஒர்க் ஷாப்பையும்விட உங்கள் டாஷ்போர்டு டிராயரில் கிடக்கும் டாங்கிள் மேல்.

மழையிலும் ஈரக் காலையிலும் மட்டும் மிஸ் அடித்தால் இக்னிஷன். இரவில் பானெட்டைத் திறந்து, இருட்டில் காயில்களின் மேல் பூச்செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரேயால் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். விரிசல் இருக்கும் இடத்தில் நீலப் பொறி ஓடும். இதற்குக் கேஜும் வேண்டாம், ஸ்கேனரும் வேண்டாம், கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் மட்டும் இழுக்காத பெட்ரோல் வண்டிக்கு லைவ் டேட்டாவும், அதன்பின் பிரஷர் கேஜும். டீசலாக இருந்தால் வரிசை வேறு. டர்போ பைப் கிழிசல், அடைத்த டீசல் ஃபில்டர், ஃபில்டரில் தேங்கிய தண்ணீர், கரி பிடித்துத் திறந்தபடி நிற்கும் ஈஜிஆர் (புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் விடும் வால்வு). கரும்புகையோடு இழுக்கவில்லை என்றால் காற்றுப் பக்கம், புகையே இல்லாமல் இழுக்கவில்லை என்றால் டீசல் பக்கம் என்று தொடங்கலாம். ஸ்டார்ட் ஆகத் தாமதமாகும் டீசலுக்கு நான்கு இன்ஜெக்டரில் இருந்தும் திரும்பி வரும் டீசலை (ரிட்டர்ன்) தனித்தனிக் குழாயில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் அதிகமாகக் கசிந்தால் அந்த ஒன்றுக்குத்தான் வேலை, நான்கையும் கழற்றி அனுப்ப வேண்டியதில்லை.

வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வீட்டில் விட்டுச் சென்ற வண்டிகள் தனி வகை. மாதக்கணக்கில் நின்ற வண்டி, லீவுக்கு வந்ததும் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் திணறுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை. டேங்கில் இருந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து அரை மணி நேரம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் டேங்கைக் காலி செய்வதே முதல் வேலை. அடுத்தது எலி. தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கும் வண்டியில் இன்ஜெக்டர் வயரின் உறையைக் கடித்து வைத்திருக்கும். வயர் முழுக்க அறுந்திருந்தால் கோடு விழுந்திருக்கும், பாதி கடித்ததுதான் கோடில்லாமல் குலுக்கலுக்கு மட்டும் பிடி கொடுக்கும். ஐடிலில் ஓடவிட்டு, வயர் கட்டை ஒவ்வொரு இடமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். சூடான சைலன்சர் அருகே காற்றுக் கசிவு தேட பெட்ரோலோ கிளீனர் ஸ்பிரேயோ அடிக்க வேண்டாம், சோப்புத் தண்ணீரே போதும்.

ஒர்க் ஷாப்பில் என்ன சொல்வது

"வண்டி சரியில்ல, பாத்து சொல்லுங்க" என்று விட்டுவிட்டு வராதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, காலைல நல்லா இருக்கு. சூடான பிறகு மூணாம் கியர்ல 2000 தாண்டும்போது இடிக்குது. ஏசி போட்டா கூடுது. ட்ரிம் ஐடில்ல 4, ஏத்தத்துல 19. பம்ப மாத்தாண்டாம், முதல்ல பிரஷர் அளந்து சொல்லுங்க. அளக்குறதுக்குத் தனியா கூலி தாறேன்." கடைசி வாக்கியம் மிக முக்கியம். பேட்டரி டெர்மினலைக் கழற்றும் முன்னும் கோடு அழிக்கும் முன்னும் உங்களைக் கேட்கச் சொல்லுங்கள். ஸ்கேன் திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது, ஒர்க் ஷாப் வாசலில் ஐடிலில் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். முன்பு திணறிய அதே ஏற்றத்துக்கு, அதே சூட்டில், அதே ஏசியோடு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு போங்கள். 19 காட்டிய ட்ரிம் இப்போது 10-க்குள் வந்திருக்கிறதா என்று இருவரும் சேர்ந்து பாருங்கள். வந்திருந்தால் பேசிய கூலியை முழுதாகக் கொடுங்கள். வரவில்லை என்றால் மாற்றிய ஸ்பேர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பழுது வேறெங்கோ இருக்கிறது, கழற்றிய பழைய ஸ்பேரைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு அடுத்த சோதனைக்கு நாள் குறியுங்கள்.